முதல் கையெழுத்து

"இந்த பிட்புல் நாயை ஊரை விட்டே அனுப்பணும். தெருவே கையெழுத்துப் போட்டிருக்கும்மா." வேப்பந்தட்டை வார்டு மெம்பர் கண்ணையன், இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றபடியே மனுவை நீட்டினார்.

"அனுப்ப முடியாதுங்க," என்றாள் லீலாவதி. "ஊசியெல்லாம் போட்டாச்சு. வாயில கூடு மாட்டாம தெருவுல இறக்குனதில்ல. ராணி வந்து எட்டு மாசமாச்சு, யாரையாவது கடிச்சுதா?"

"கடிக்கல. ஆனா அது முறைச்சாலே உசுரு போவுதாமே?"

"யாரு சொன்னது?"

கண்ணையன் தயங்கினார். "முதல் கையெழுத்தே உன் வூட்டுக்காரர்தாம்மா."

லீலாவதி மனுவை வாங்கிப் பார்த்தாள். காலடியில் படுத்திருந்த ராணி தலையைத் தூக்கியது.

"அவரை மட்டுந்தாங்க முறைக்கும். அதுவும் குடிச்சுட்டு வந்து என் மேல கையை ஓங்குனாத்தான்."

சேலைத் தலைப்பை விலக்கி, தோளில் இருந்த பழைய தழும்பைக் காட்டினாள்.

"இது நாய் கடிச்சதில்ல. ராணி வந்தப்புறம் புதுசா ஒண்ணும் விழல. பன்னெண்டு வருசமா நான் அலறுனது இந்தத் தெருவுக்கே கேட்டுச்சே மெம்பரே, அப்ப ஏன் ஒருத்தரும் மனு எழுதல?"