சுவருக்குள் போகாத கம்பி

கையிலிருந்த மீட்டரின் ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயிலும் இன்னொரு முனையை மெயின் போர்டின் எர்த் கட்டையிலும் வைத்தேன். மீட்டர் கத்தவில்லை.

இணைப்பு இருந்தால் அது கத்த வேண்டும். முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். கத்தியது. அப்படியானால் பழுது மீட்டரில் இல்லை, வீட்டில்தான்.

கேஸ் குழாயிலும் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் சத்தமில்லை.

வீட்டுக்காரர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததிலிருந்தே அவருக்குப் பொறுக்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்பார்கள், இந்த அம்மா எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார் என்று என்னிடமே இரண்டு முறை சொல்லிவிட்டார்.

எனக்கும் இது புதிதுதான். இருபத்திரண்டு வருடத் தொழிலில், குடி வருவதற்கு முன்னால் குழாய்களுக்கு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி யாரும் என்னை அழைத்ததில்லை. போனில் அவள் கேட்டபோது, சரியான சந்தேகப் பிராணி என்றுதான் நினைத்தேன்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். அறைக்கு அறை என் பின்னாலேயே வந்தாள். எதையும் தொடவில்லை. குளியலறைக்குள் மட்டும் வராமல் வெளியே நின்றுகொண்டாள்.

மீட்டர் சொன்னதை வீட்டுக்காரர் ஏற்கவில்லை. கம்பி இருக்கிறது, நீயே பார் என்று பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியைக் காட்டினார்.

இருந்தது. குழாயைச் சுற்றி ஒரு பட்டை. அதிலிருந்து பச்சையும் மஞ்சளுமாகத் தடித்த கம்பி ஒன்று அலமாரிக்குப் பின்னால் சுவருக்குள் போனது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

குனிந்து, கம்பியை இரண்டு விரலால் லேசாக இழுத்தேன்.

கையோடு வந்துவிட்டது.

ஒரு சாண் நீளம்தான். அலமாரி அடித்தபோது குறுக்கே வந்த கம்பியை வெட்டியிருக்கிறார்கள். வெட்டியதைக்கூட மன்னித்துவிடலாம். மிச்சத் துண்டைச் சுவரில் செருகி, மேலே பட்டி பூசி, உள்ளே போவது போலக் காட்டியிருந்தார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மண்ணுக்குப் போக வேண்டிய கம்பியை வைத்து, பார்க்கிறவன் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள்.

துண்டை வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். கீசரில் கசியும் மின்சாரம் இந்த வழியாகத்தான் மண்ணுக்குள் இறங்க வேண்டும், வழி இல்லையென்றால் குழாயிலேயே காத்திருக்கும், ஈரக் கையோடு யார் தொடுகிறார்களோ அவர்கள்தான் அதற்கு வழி என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகப் பட்டது.

அவர் அசரவில்லை. அலமாரி போட்டவன் செய்த தப்புக்குத் தன்னை எதற்கு முறைக்க வேண்டும் என்றார். கீசர்கூடப் புதிது, போன மாதம்தான் மாற்றினேன் என்றார்.

"எட்டு வருஷமா வாடகைக்கு விடுறேன். இந்த வீட்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"ஒருத்தருக்குமா?" என்று கேட்டாள் அவள்.

அவர் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றார்.

அவள் குளியலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாய்க்கு வந்தபடி நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறாளே என்று அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர் போனதும், மாடிப்படியில் நின்றபடியே அறிக்கையை எழுதிக் கொடுத்தேன். வழக்கமாக எழுதுவதுதான்: குழாய்களுக்கு எர்த் இணைப்பு இல்லை, சரிசெய்துகொள்வது நல்லது.

அதை நிதானமாகப் படித்தாள். கம்பியை எப்போது வெட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டாள். செம்பு முனை பச்சை பூத்துப்போயிருந்தது, இரண்டு வருடமாவது ஆகியிருக்கும் என்றேன். அதையும் எழுதித் தரச் சொன்னாள். என் சட்டைப் பையில் இருந்த கம்பித் துண்டைக் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா உங்களுக்கு? இந்த வீடே வேணாம். வேற பாருங்க" என்றேன்.

அவள் கைக்குட்டையை முடிச்சுப் போட்டாள்.

"நான் வீடு பாக்க வரலைங்க. என் தங்கச்சி இங்கதான் குடியிருந்தா. போன மாசம் குளிக்கப் போனவ வெளிய வரல. மாரடைப்புன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

அந்தத் தாளை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக் கிழித்தேன்.

படியிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன். ‘நல்லது’ என்ற சொல் இந்த முறை எங்கும் வரவில்லை. கீழே என் முழுப்பெயர், உரிம எண், வீட்டு விலாசம் எல்லாவற்றையும் எழுதினேன். எங்கே கூப்பிட்டாலும் நேரில் வந்து சொல்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.