ஏழாவது உயிர்

"ஏனுங்கம்மா, ஏழு உசுருன்னு எழுதிட்டு ஆறு பேருதான் போட்டிருக்குது?" என்று இந்துமதியின் மகள் சிறுவயதில் கேட்டாள். பொங்கலூர் நிலத்தோடு ஓர் அடிமைக் குடும்பத்தையும் அவர்களுடைய முன்னோர் விலைக்கு வாங்கிய ஓலை அது.

பல வருடம் தேடியபின், தெற்கே ஒரு மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இந்துமதிக்குப் பதில் கிடைத்தது. பொங்கலூரிலிருந்து தப்பி வந்த அதே ஆறு பேருக்குக் கீழே, "ஏழாவது, விற்றபோது வயிற்றில் இருந்து, ஓடிவந்த அன்று பண்ணைக் கிணற்றருகே பிறந்து இறந்த சிசு. போர்த்தத் துணி இல்லை" என்றிருந்தது. அந்த வம்சத்தின் கடைசிப் பெயர் ரோஸ்மேரி. அவள் இந்துமதி நடத்தும் பனியன் கம்பெனியிலேயே குழந்தை பனியன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் சேர்ந்த நாளிலிருந்து, அவள் அடுக்கியதில் தினமும் ஒரு பனியன் குறைந்தது.

"பீஸுக்குக் காலா மொளைச்சிருக்குது? நாளைக்கும் கொறஞ்சா ஊட்டுலயே இருந்துக்க" என்றார் சூப்பர்வைசர் கதிர்வேல்.

"மாதா சத்தியமா நான் எடுக்கலண்ணே" என்று ரோஸ்மேரி அழுதாள்.

பதிவேட்டில் படித்த 'போர்த்தத் துணி இல்லை' நினைவுக்கு வர, இந்துமதி தனியாகப் பொங்கலூர் கிணற்றுக்குப் போனாள். காணாமல்போன பனியன்கள் அத்தனையும் படியில் மடித்தபடி இருந்தன. எல்லாம் ஆறு மாதக் குழந்தைக்கானவை. அதைவிடச் சிறிய அளவைக் கம்பெனி தைப்பதில்லை.

அன்றே, பிறந்த குழந்தையின் அளவுக்கு ஒன்றைத் தன் கையால் தைத்துக் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"ரொம்ப நாளாயிப்போச்சு கண்ணு, மன்னிச்சுக்க" என்று கண்மூடிக் கும்பிட்டாள்.

கண் திறந்தபோது அந்தச் சின்னப் பனியன் மட்டும் அங்கே இல்லை. மறுநாள் ரோஸ்மேரி அடுக்கிய பனியன்களில் ஒன்றும் குறையவில்லை.