கழுத்துப் பட்டி

தாம்பரம் சுற்றுவட்டாரப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு: ஞாயிறு ஆராதனை முடிந்து, பதினோரு மணி அளவில், முடிச்சூர் அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் மாடியில் மேல்முறையீடே இல்லாத தீர்ப்பு ஒன்று வழங்கப்பட இருந்தது. மேஜை மேல் தடயம் கிடந்தது. பக்கத்தில் புத்தம்புது பிளேடு.

தடயம், அரக்கு நிறப் பட்டு ரவிக்கை. நீதிபதி, சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர் திருமதி தபீதாள் சுவிசேஷமுத்து. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் ஜென்சி.

தபீதாளின் மகன் எபியை நாலு வருடமாகக் காதலிக்கிறவள். கல்யாணத்துக்கு அம்மா போட்டது ஒரே நிபந்தனை. "உன் கையால ஒரு பிளவுஸ் தெச்சு எடுத்துட்டு வா. வெளிப்பக்கத்தை எவ வேணா மினுக்கிடுவா. கழுத்து ஓரம் பிசிறடிக்காம உள்ள வெச்சுத் தெக்கிற பட்டி இருக்கே, அதுலதான் பொண்ணோட லட்சணம் தெரியும்."

ஜென்சிக்கு ஊசியில் நூல் கோக்கவே யூடியூப் வேண்டும். ரவிக்கையைத் தைத்தது இரும்புலியூர் குமரவேல் டெய்லர். "உள்ள ஒரே ஒரு பிசிறு கீதுன்னு அந்தம்மா காட்டட்டும் பாப்பா, கடைய இழுத்து மூடிடறேன்" என்று சவால் விட்டுத்தான் கொடுத்திருந்தார்.

தபீதாள் ரவிக்கையை உள்வெளியாகப் புரட்டினார். ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப்போன விரல் நுனி, பட்டியின் ஓரமாக ஊர்ந்தது.

"எங்க வீட்டுத் துணி எந்தக் கடைப் படியும் ஏறினதில்ல. கடைல குடுத்துத் தெச்சிருந்தா எனக்கு மூக்குல வேர்த்துடும்."

விரல் சட்டென்று நின்றது. முகம் கறுத்தது.

"யாரு தெச்சது?"

"நான்தான் ஆன்ட்டி."

"பட்டியுமா?"

"ஆ... ஆமா ஆன்ட்டி."

"அம்மா, பிளவுஸ்தானே? என்னமோ கொலைக் கேஸ் மாதிரி..." என்றான் எபி.

"நீ வாய மூடு."

பிளேடு எழுந்தது. நாலு தையல் அறுந்தது. பட்டியைத் தூக்கி உள்ளே உற்றுப் பார்த்த தபீதாளின் நெற்றியில், மின்விசிறிக்கு அடியிலும் வியர்வை பூத்தது.

"ஜென்சி, எழுந்து உள்ள வா."

சமையலறைக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டு எபி பாய்ந்து எழுந்தான். அப்பா சுவிசேஷமுத்து பேப்பரைக்கூட இறக்கவில்லை. "உக்காருடா. முப்பது வருஷத்துல என்னைக்கூட அவ தாழ்ப்பாள் போட்டுத் திட்டினதில்ல. இது பெரிய விஷயம்."

உள்ளே ஜென்சி உடைந்து அழுதாள். "மன்னிச்சிடுங்க ஆன்ட்டி, பொய் சொல்லிட்டேன். இரும்புலியூர்ல குமரவேல் டெய்லர்னு ஒருத்தர்..."

தபீதாள் ஜன்னலையும் இழுத்துச் சாத்தினார். அவள் காதருகே குனிந்தார்.

"தெரியும். அவர் கடைக்குப் பட்டி வெச்சு ஹெம்மிங் போட்டுக் குடுக்கிறது நான்தான்."