மூன்று பிரிப் பின்னல்

ஜன்னல் வழியே வரும் காலை வெயில் பாதிக் கட்டிலில் படிந்திருக்கிறது. பக்கவாதத்தில் வலக்கை விழுந்து, பேச்சும் குழறிப்போன மனைவி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சிக்குப் பிடித்த முடியை ஒட்ட வெட்டிவிடலாம் என்று கணவர் நேற்றுச் சொன்னதிலிருந்து அவள் மாத்திரை விழுங்க மறுக்கிறாள். வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ், ரத்த அழுத்தக் கருவியை ஓரமாக வைத்துவிட்டுச் சீப்பை எடுக்கிறாள். எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து மேலாக, வலிக்காமல் சிக்கெடுக்கிறாள். முடியை மூன்றாகப் பிரித்து, எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற அந்தக் கணவரின் கையில் கொடுக்கிறாள். “ஐயோ, எனக்கெங்க சிஸ்டர் இதெல்லாம் வரும்?” “வயர் முறுக்கின கைதானே அய்யா? இதுவும் மூணு வயர்தான். இழுத்தாதான் ஷாக் அடிக்கும்.”

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார். தடித்த விரல்களிலிருந்து ஒரு பிரி நழுவுகிறது; மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறார். “வலிக்குதாம்மா?” என்று காதருகே கேட்கிறார். ரப்பர் பேண்டு போட்டு முடித்ததும் நர்ஸ் கண்ணாடியைக் காட்டுகிறாள். மனைவி இடக்கையால் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுத் தடவிப் பார்க்கிறாள். ஒரு பக்க உதடு மட்டும் அசைகிறது. “கோ... ணல்.” “ஆமா, கோணல்தான். நாளைக்கு நேரா பின்னிடுறேன். வெட்ட மாட்டேன்மா, சத்தியமா!” என்கிறார் அவர், கண்ணைத் துடைத்தபடி. அவள் அவரை ஏற இறங்கப் பார்க்கிறாள். பிறகு, பெரிய மனது பண்ணி, மாத்திரைக்கு வாயைத் திறக்கிறாள்.