முதல் பெட்டியில் இருப்பவருக்கு

கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டி அப்படியே நின்றது.

முன்னால் போன வண்டி இன்னும் வழிவிடவில்லையாம். காலை நேரத்துச் சுரங்க ரயில், முதல் பெட்டி, என் மூக்குக்கு நேரே யாரோ ஒருவருடைய அக்குள். ஆபீசில் மேனேஜர் இந்நேரம் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றது பிளாட்பார ஒலிபெருக்கி.

யாரும் கவனிக்கவில்லை. தினமும் கேட்கிற குரல்தான். அதில் கனிவு இருந்ததும் கிடையாது, நாங்கள் காது கொடுத்ததும் கிடையாது.

"முதல் பெட்டியில் இருப்பவருக்கு ஓர் அறிவிப்பு. நேற்று மதியம் வீட்டில் நடந்த சம்பவத்திற்கு வருந்துகிறோம்."

பெட்டியில் எல்லாரும் ஒரே நேரத்தில் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினோம்.

"அக்கா பேசியதற்கு அறிவிப்பாளர் சிரித்திருக்கக் கூடாது. சிரித்தது அவருடைய தவறு. அக்காவின் தவறு தனியாக விசாரிக்கப்படும்."

அக்குள்காரர் கையை இறக்கிவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தார். நல்ல காற்று வந்தது. அறிவிப்பாளருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

நானும் கதவோரம் நின்றதால் படிக்கட்டை ஒட்டிய கண்ணாடி அறை எனக்குத் தெரிந்தது. உள்ளே முன்தலை வழுக்கையாக ஒரு மனிதர், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்கு ஒரு முகம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

முதல் பெட்டியில் இருப்பவர் என்றால் அவர் மனைவி, எங்களில் ஒருத்தி. விடுவோமா?

சூட்கேசோடு உட்கார்ந்திருந்த பச்சைச் சட்டைப் பெண் மீது சந்தேகம் விழுந்தது. கையில் சூட்கேஸ், முகம் உம்மென்று இருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? பக்கத்து சீட்டு அம்மா உரிமையோடு அவள் முழங்காலைத் தட்டினார்.

"போனாப் போகுது, இறங்கிப் போம்மா. ஆம்பளை மைக்குல மன்னிப்பு கேக்கறது லேசுப்பட்ட காரியமா?"

"ஐயோ, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க!"

சந்தேகம் அங்கிருந்து கிளம்பி என் மேல் வந்து நின்றது. எனக்கும் நேற்று வீட்டில் சண்டைதான். ஆனால் என் வீட்டுக்காரர் கையில் மைக்கைக் கொடுத்தால் மேட்ச் ஸ்கோர்தான் சொல்வார். உண்மையைச் சொன்னால், அந்த முகம் தெரியாதவள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"நேற்றிரவு அறிவிப்பாளர் தானே போட்டுச் சாப்பிட்டார். காலையிலிருந்து பேச்சுவார்த்தை ரத்து செய்யப்பட்டுள்ளது. இந்நிலை நீடித்தால் இன்றைய சேவைகள் பாதிக்கப்படும்."

வீட்டுச் சண்டை சந்தி சிரிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ரயில் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்போது படிக்கட்டில் நிலைய அதிகாரி தடதடவென்று ஓடிவந்தார். கண்ணாடி அறையின் கதவை இழுத்தார், அது உள்பக்கம் தாழிட்டிருந்தது. முஷ்டியால் குத்த ஆரம்பித்தார். எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. மனிதர் வேலையைப் பணயம் வைத்துவிட்டுத்தான் மைக்கை எடுத்திருக்கிறார்.

அறிவிப்பாளர் திரும்பி அதிகாரியைப் பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனார். இந்த முறை அறிவிப்புக் குரல் இல்லை.

"அம்மா தாயே, திட்டியாவது விடு. அக்காகிட்ட நானே பேசறேன். நீ இப்படிப் பேசாம இருந்தா எனக்கு வேலையே ஓடலை."

நாங்கள் கதவுகளையே பார்த்தோம். யாரும் இறங்கவில்லை. பச்சைச் சட்டைப் பெண்கூட, யாரந்தக் கல்நெஞ்சக்காரி என்று இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கதவுக்கு வெளியே தலையை நீட்டினேன். சுரங்கத்தின் வாயில் சிக்னல் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எப்போது மாறியதோ, யாரும் பார்க்கவில்லை. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

தலைக்கு மேலே, பெட்டிக்குள் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல் பேசியது. திறந்திருந்த கதவுகள் வழியாகப் பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது.

"வண்டி ஏன் நிக்குதுன்னு பயணிகள் கேக்கலாம். ஸ்டீயரிங்கூட இல்லாத வண்டி, அதுபாட்டுக்குப் போயிடும், இதுக்கெல்லாம் ஒரு டிரைவரான்னு நேத்து எங்க நாத்தனார் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு. அதான், நானும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து பாக்கறேன். போக மாட்டேங்குதே."

எங்கள் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு கதவு உண்டு. அதற்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி கதவைக் குத்துவதை நிறுத்திவிட்டு முதல் பெட்டியைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்குள் இருந்த மனிதரைப் பார்த்து, சீக்கிரம் சொல்லித் தொலை என்று கையை ஆட்டினார்.

"போகாது" என்றது பிளாட்பார ஒலிபெருக்கி. "நீ ஓட்டினாத்தான் போகும்."

கதவுகள் மூடின.