சோக் கம்பி

"ஆறு சிலிண்டரையும் கடைஞ்சு அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டாச்சு. வண்டியை ஸ்டார்ட் பண்ண வைக்கிற இந்தப் பாழாப்போன சோக் கம்பிதான் முடுக்க முடுக்கக் கழண்டுக்குது" என்று பழைய காரின் கார்பரேட்டரைத் திட்டினார் அவர்.

"கிழட்டு இன்ஜினைக் கட்டிக்கிட்டு அழாம எடைக்குப் போடுங்க" என்றாள் மனைவி.

"நம்ம பொண்ணு ஓட்டிப் பழகின வண்டிடி! இதுல போய் இறங்கினா அவ கோபமெல்லாம் பறந்துடும். குளிச்சிட்டு வரேன், கிளம்பலாம்."

குளியலறைக் கதவை அவர் சாத்தியதும், அவள் சோக் கம்பியின் திருகை வழக்கம்போலத் தளர்த்தினாள். 'அப்பா வந்தா கதவைத் திறக்க மாட்டேன்' என்று மகள் போனில் சொன்னதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

குளித்துவிட்டு வந்து அவர் சாவியைத் திருக, இன்ஜின் முக்கி முனகி அடங்கியது.

"விடுங்க, அடுத்த வாரம் போய்க்கலாம்."

"பாவம்டி, வாசலையே பார்த்துக்கிட்டிருப்பா" என்றார் அவர்.