ஒரே சாலை

அணு உலையில் விபத்து நேர்ந்தால் ஊரைக் காலிசெய்வதற்கான ஒத்திகை அது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த எங்கள் ஊருக்கு ஒரே சாலைதான். அது உலையின் வாசல் வழியாகத்தான் வெளியே போகிறது. இன்னொரு சாலை கேட்டோம்; இன்னும் இரண்டு உலைகள் வருகின்றன. உலை வாசலுக்கு எதிரே நெரிசலில் எங்களை ஏற்றிவந்த பேருந்து நின்றுவிட்டது. “நல்லாத் தப்பிச்சோம்,” என்றாள் கைக்குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா பிரிசில்லா. தயங்கித் தயங்கி நான் எழுந்து, ஓட்டுநர் அருகே நின்ற ஒத்திகை அதிகாரியிடம் கேட்டேன். “சார், நெசமா நடந்தாலும் இங்கனயேதான நிக்கணும்?” “அப்ப ஜன்னலச் சாத்திக்கணும்மா,” என்றார் அதிகாரி. எங்கள் ஜன்னலில் கண்ணாடியே இல்லை. அக்கா குழந்தையின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை விரித்து வைத்தாள். நானும் வைத்தேன். விரல்களுக்கு இடையே கடற்காற்று வந்துகொண்டே இருந்தது.